கோலுக்கு முன்னே நூல்

கழக்கூட்டத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இப்பொழுது ஒரு புதிய ஆசை தலைகாட்டியுள்ளது. வாரம் முழுவதும் டெக்னோபார்க்கில் கணிப்பொறியின் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகள், ஞாயிறு வந்ததும் தூண்டிற்கோலும் கையுமாய்க் கடினங்குளம் காயலை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். அதுவும் நம் ஊர்க் குளக்கரைகளில் நாம் சிறு வயதில் பார்த்த தூண்டில் அன்று; 'பிளை பிஷிங்' என்று மேலைநாட்டார் வழங்கும் ஈத்தூண்டில். மண்புழுவோ இறாலோ கோத்து எறியாமல், இறகும் மயிரும் கொண்டு கட்டிய பொய்யான ஈயையோ மீன்குஞ்சையோ வீசி, மீனை ஏமாற்றிப் பிடிக்கும் கலை இது. எந்தக் கோலை வாங்குவது, எந்த நூலை வாங்குவது என்று கடந்த சில திங்களுக்குள் நான்கு இல்லத்தார் நம்மைக் கேட்டுவிட்டனர். நாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். ஆயினும் பணத்தை இழந்து பாடம் கற்றவர் என்ற தகுதி நமக்கு உண்டு. அத்தகுதி ஒன்றையே துணையாகக் கொண்டு இதனை எழுத முன்வந்தோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நம்முடன் தங்கி வேலை பார்க்கும் தம்பி மகன், சென்ற பங்குனியில் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்து ஒரு பெட்டியைத் தருவித்தான். கோல், நூல் சுற்றும் ரீல், நூல், இருபது ஈக்கள் யாவும் அந்த ஒரே பெட்டியில் அடக்கம். பெட்டியின் மேலே பனிமலையும், அதன் அடியில் ஓடும் தெளிந்த ஓடையும், முழங்கால் நீரில் கம்பளிச் சட்டையுடன் நிற்கும் ஒரு வெள்ளைக்காரரும் அச்சிடப்பட்டிருந்தனர். அந்தப் படத்தை நாம் அழகு என்று பார்த்தோமே தவிர, அதில் ஓர் எச்சரிக்கை இருந்ததை அறிந்தோமில்லை.

மறு ஞாயிறு காலை இருவரும் காயற்கரையில் நின்றோம். ஏழு மணிக்கு நூல் ஓரளவு பறந்தது. ஒன்பது மணிக்குத் தளர்ந்தது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் வெந்த இடியாப்பம் போலத் துவண்டு, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. எத்தனை விசையாக வீசினாலும் ஈ நம் காலடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள்ளேயே வந்து விழுந்தது. "பெரியப்பா, கோல்தான் சரியில்லை, இன்னும் விலை கூடிய கோலாக வாங்கியிருக்க வேண்டும்" என்றான் பையன். நாமும் அப்படித்தான் எண்ணினோம். அந்நேரம் கடற்காற்றும் எழுந்தது. அடுத்த வீச்சில் ஈயின் முள் நம் வலக் காதின் மடலில் வந்து தைத்தது.

சற்றுத் தொலைவில் ஒரு பெரியவர், மரத்துண்டில் சுற்றிய தங்கூஸ் நரம்பும் சிறு இறாலுமாக உட்கார்ந்திருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்னரே இப்பக்கம் வந்து குடியேறியவர். அவர் பக்கத்தில் ஓலைக்கூடையில் இரண்டு செம்பல்லிகள் கிடந்தன. அவரே வந்து நம் காதிலிருந்து முள்ளைப் பக்குவமாகக் கழற்றினார். பின்பு கோலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். நூலை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். "மக்களே, கம்பு நல்ல கம்புதான். கயிறுதான் செத்துக் கிடக்கு" என்றார்.

ஈத்தூண்டிலை வாழ்நாளில் கையால் தொட்டறியாத அந்தப் பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று நாம் தெளிவதற்கு ஒரு திங்கள் ஆயிற்று. கோலை முதலில் தேர்ந்து நூலை அதனோடு இலவசமாக வரும் பொருளாகக் கருதுவதே புதியவர் செய்யும் பெரும் பிழை.

சாதாரணத் தூண்டிலில் எடை எங்கே இருக்கிறது? ஈயக்குண்டிலும் இரையிலும் இருக்கிறது. அந்த எடை பறந்து செல்கிறது; மெல்லிய நரம்பு அதன் பின்னே இழுபட்டுப் போகிறது. ஈத்தூண்டிலிலோ ஈக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். ஓர் இறகைக் கையில் எடுத்து எறிந்து பாருங்கள். அது முகத்திலேயே வந்து விழும். ஆகவே இங்கே நூலுக்கே எடை கொடுத்திருக்கிறார்கள். தடித்து, மெழுகுத்திரி போல வழவழப்பாய் இருக்கும் அந்த நூல் காற்றில் முன்னும் பின்னும் சுருண்டு விரியும்போது, அதன் எடையே கோலை வில்லாக வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது நூல் முன்னே பாய்கிறது. நூலின் நுனியில் இருக்கும் ஈ அதன் பின்னே பயணம் செய்கிறது. நூல் எடை குறைந்ததாயின் கோல் வளையாது. எடை மிகுந்ததாயின் கோல் துவண்டு விழும்.

இந்தப் பொருத்தத்தை அறிவதற்காகவே நூலுக்கும் கோலுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். முன்னாளில் நூலின் பருமனைக் குறித்து எழுத்துகளால் பெயரிடுவது வழக்கம். பட்டு நூல் ஒன்றே இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபின், ஒரே பருமனுள்ள நூல்கள் வேறு வேறு எடையாயின. அதனால் 1961ஆம் ஆண்டு அமெரிக்கத் தூண்டிற்கருவி உற்பத்தியாளர் சங்கத்தார் ஓர் அளவுமுறையை வகுத்தனர். நூலின் முதல் 30 அடியின் எடை எவ்வளவோ அதற்கேற்ப எண் அமையும். அந்த எடையை அவர்கள் கிரெயின் கணக்கில் சொன்னார்கள். நம் இல்லத்துப் பெண்டிர் பவுன் கணக்கை மறவாதவர்கள் ஆகையால் அவ்வழியில் சொல்கிறோம். 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெயின். அதாவது 9 கிராம், ஒரு பவுனுக்குச் சற்று மேல். 6ஆம் எண் 160 கிரெயின். 7ஆம் எண் 185 கிரெயின். பழைய தோலா ஒன்றுக்கு 180 கிரெயின் ஆகையால் இது ஒரு தோலாவை மிகச் சிறிதே விஞ்சியது. 8ஆம் எண் 210 கிரெயின், ஏறத்தாழ 13.6 கிராம், ஒன்றே முக்கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. கோலின் பிடிக்கு மேலே எழுதியுள்ள எண்ணும் நூலின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே முதல் விதி.

நம் பெட்டியில் வந்த கோலில் 8 என்று தெளிவாக எழுதியிருந்தது. நூலிலோ அதன் உறையிலோ எண் எதுவும் இல்லை. நமக்கு ஒரு யோசனை தோன்றியது. நூலின் முன்பகுதியை 30 அடி அளந்து, அவ்விடத்தில் ஒரு முடிச்சுக் கயிறு கட்டி, அந்த 30 அடியை மட்டும் வளையமாகச் சுற்றிக்கொண்டு பழக்கமான நகைக்கடை ஒன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்பு சிரித்துக்கொண்டே தட்டில் வைத்தார். மிச்ச நூலைத் தட்டின் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டோம். 9 கிராமும் சிறிது புள்ளியும் காட்டியது! 8ஆம் எண் கோலில் 5ஆம் எண் நூலைச் சுற்றி விற்றிருக்கிறார்கள். வீசுகிறவன் தோளில் வலி வந்ததே தவிர, கோல் வளையாமற் போனதில் வியப்பென்ன? விற்றவருக்கு எழுதினோம், 'பெட்டி திறக்கப்பட்டுவிட்டது' என்று மறுமொழி வந்தது. எண்ணில்லாத நூல் கையில் இருப்பவர்கள் இந்த நகைக்கடைச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கிராமில் ஒரு பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நான்கு கிராம் குறைந்தால் கவலைப்பட வேண்டும்.

எடையை விட நம்மைப் போன்ற வெப்ப நாட்டாருக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இன்றைய ஈத்தூண்டில் நூல் என்பது உள்ளே ஒரு திரியும் அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சும் கொண்டது. குளிர்ந்த ஓடைக்கென்று செய்யப்படும் நூலின் பூச்சும் திரியும் மென்மையாக இருக்கும். குளிரில் அவை விறைக்காமல் இருக்கவேண்டும் அல்லவா? அதே நூலைக் கழக்கூட்டத்துப் பங்குனி வெயிலில் காட்டினால் அது இளகிப் பிசுபிசுக்கும். நமக்கு நேர்ந்தது அதுவே. வெப்பக் கடல்களுக்கென்று செய்யப்படும் நூலில் திரி விறைப்பானது, பூச்சு கடினமானது. உச்சி வெயிலிலும் அது நிமிர்ந்து நிற்கும். உறையில் 'டிராபிக்கல்' அல்லது 'சால்ட்வாட்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த வெப்பநாட்டு நூலை மூணாற்றுக்கோ உதகைக்கோ கொண்டுபோனால், விடியற்காலைக் குளிரில் கம்பிச்சுருள் போலச் சுருண்டுகொண்டு நேராக மறுக்கும். ஒரே நூல் காயலுக்கும் மலைக்கும் உதவாது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் நீர்நிலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நீரைத் தேர்ந்தால் மீன் தெரியும். மீன் தெரிந்தால் ஈயின் பருமன் தெரியும். ஈயின் பருமன் நூலின் எண்ணைச் சொல்லும். நூலின் எண் கோலைச் சொல்லும். கடைக்காரர் நமக்குக் காட்டும் வரிசை இதற்கு நேர் தலைகீழானது.

நம் வாசலில் உள்ள நீர் காயல் நீர். கடினங்குளம் காயல் கடலோடு தொடர்புடையது. பார்வதி புத்தனாறு அதனைத் தெற்கே வேளியோடு இணைக்கிறது. இங்கே நமக்கு ஏற்ற மீன்கள் கொடுவா, செம்பல்லி, பாறைக்குட்டி ஆகியவை. மலையாள அன்பர்கள் கொடுவாயைக் காளாஞ்சி என்றும் நரிமீன் என்றும் சொல்வர். இவை மூன்றும் சிறு மீனையும் இறாலையும் துரத்தித் தின்பவை. ஆதலின் விரல் நீளமுள்ள பொய்மீனைக் கண்டால் பாய்கின்றன. கேரளத்தின் மாநில மீனாகிய கரிமீன் பெரும்பாலும் பாசி முதலியவற்றை மேய்வது. அதனைப் பிடிக்க ஈத்தூண்டில் வாங்குகிறவர் ஏமாந்து போவார். காயலில் காற்று உண்டு, ஈயும் பெரியது, செம்பல்லி முள்ளில் பட்ட மறுகணம் வேருக்குள்ளும் கல்லுக்குள்ளும் புகுந்துகொள்ளும். இம்மூன்று காரணங்களாலும் 8ஆம் எண்ணே இங்கு ஏற்றது. வெள்ளாயணி போன்ற நன்னீர் ஏரிகளில் விரால் தேடுவோருக்கு 6 அல்லது 7 போதும். ஆனால் தாமரையும் அல்லியும் மண்டிய இடத்தில் விராலை இழுத்து மேலேற்ற 8ஆம் எண்ணே கைகொடுக்கும். காயலுக்கென வாங்கியதை அங்கும் பயன்படுத்தலாம் என்பது குடும்பச் செலவுக்கு ஓர் ஆறுதல்.

மலையோடைக்குப் போக விரும்புவோருக்கு 5ஆம் எண். நீலகிரியின் டிரவுட் மீனுக்கு ஒரு கதை உண்டு. 'இந்திய மீன்கள்' குறித்துப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களில் அம்மீனை அங்கே குடியேற்ற முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. எச். சி. வில்சன் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் முயன்று வென்றார்; 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. அதுவும் நம்மைப் போலப் பிறந்த ஊரை விட்டு வந்து வேரூன்றிய குடிதான்! மூணாற்று மலையோடைகளிலும் தோட்டத்துரைமார் இதே மீனை வளர்த்தனர். அவ்விடங்களில் பல இன்று வனத்துறையின் காவலுக்கு உட்பட்டவை. அனுமதிச் சீட்டு இன்றி ஓடையில் கால் வைத்தலாகாது. ஆண்டில் இரண்டு நாள் மூணாறு செல்பவர் அதற்கென்று 5ஆம் எண் வாங்கி, மிச்சம் 363 நாளும் அதனைப் பரண்மேல் போட்டுவைப்பதில் பொருளில்லை. எங்கே அடிக்கடி போக முடியுமோ அந்த நீருக்கே முதற்கோல்.

இனி நூலின் உறையில் காணும் குறியெழுத்துகளைப் பார்ப்போம். 'டபிள்யூ எப் 8 எப்' என்று இருந்தால், நூலின் கனம் முன்பகுதியில் திரட்டப்பட்டது, எண் 8, மிதக்கக்கூடியது என்பது பொருள். 'டி டி' என்று தொடங்கினால் இருமுனையும் ஒரேபோல மெலிந்து நடுப்பகுதி கனத்தது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்ற சிக்கனம் அதில் உண்டு. ஆனால் காயற்காற்றில் முன்கனம் உள்ளதே புதியவருக்கு எளிது. கடைசி எழுத்து 'எஸ்' ஆயின் மூழ்கும் நூல். அது இப்போது வேண்டா. மிதக்கும் நூலே கண்ணுக்குத் தெரியும். தவறு எங்கே என்பதும் தெரியும். 'புதியவர் ஓர் எண் கூடிய நூலை வாங்கினால் கோல் எளிதில் வளையும்' என்று சிலர் சொல்வர். இக்காலத்து நூல்களிற் சில, குறித்த எண்ணை விடக் கனமாகவே செய்யப்படுகின்றன. அதன்மேல் நாமும் ஓர் எண்ணைக் கூட்டினால் வேண்டாத சுமையாகும். உறையில் கிராமோ கிரெயினோ அச்சிட்டிருந்தால் அதனைப் படித்துவிட்டு முடிவு செய்க.

கோலைப் பற்றிக் கடைக்காரர்கள் நெடுநேரம் பேசுவார்கள். நாம் சுருக்கமாகவே சொல்வோம். 9 அடி நீளம், நான்கு துண்டு. நான்கு துண்டாயின் ஊருக்குப் போகும்போது நாகர்கோவில் பேருந்திலும் ரயிலிலும் மேல்தட்டில் அடங்கும். பிடியின் அடியில் சிறு குமிழ் இருத்தல் நலம். மீன் இழுக்கும்போது அதனை வயிற்றில் ஊன்றிக்கொள்ளலாம். கோல் மிக விறைப்பாகவும் வேண்டா, மிக இளக்கமாகவும் வேண்டா; 'மிக வேகமான கோல்' என்று புகழப்படுவது கைதேர்ந்தவருக்கு உரியது. வளைவதைக் கை உணரக்கூடிய நடுத்தரக் கோலே பழகுவதற்கு ஏற்றது. பழங்காலத்தில் இக்கோல்கள் மூங்கிலைச் சீவி ஆறு பட்டைகளாக ஒட்டிச் செய்யப்பட்டன. மேலைநாட்டார் அதற்கு முதலில் விரும்பி வாங்கியது நம் நாட்டு மூங்கிலைத்தான். 'கல்கத்தா மூங்கில்' என்று அதற்குப் பெயர். பின்னரே சீனத்து டாங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோலும், 1970களில் கரிநார்க் கோலும் வந்தன. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கரிநார். கண்ணாடி இழைக் கோல் விலை குறைவு, எளிதில் முறியாது. சிறுவர் கையில் கொடுக்க அதுவே மேல்.

ரீலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: உப்புநீரைத் தாங்கும் பூச்சுள்ள அலுமினிய ரீலாக இருக்கட்டும். அதில் முதலில் ஒரு 100 மீட்டர் மெல்லிய பின்நூல், அதன்மேல் 90 அடி ஈத்தூண்டில் நூல், அதன் நுனியில் 9 அடி நைலான் முன்நூல். காயலுக்கு முன்நூலின் நுனி 20 பவுண்டு தாங்குவதாக இருக்கவேண்டும். கொடுவாயின் செதிள்விளிம்பும் செம்பல்லியின் பல்லும் அதனினும் மெல்லியதை அறுத்துவிடும். மொத்தத்தில் கையில் பத்து ரூபாய் இருந்தால் நூலுக்கு நான்கு, கோலுக்கு நான்கு, மற்றவற்றுக்கு இரண்டு என்று பிரிப்போம். கோலுக்கு எட்டும் நூலுக்கு ஒன்றும் கொடுப்பவர் நம்மைப் போலக் காதில் முள்ளுடன் திரும்புவர்.

ஈக்களை வாங்கவும் செய்யலாம், வீட்டில் கட்டவும் செய்யலாம். கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய ஆசிரியர், மாசிடோனியர் முள்ளில் சிவப்புக் கம்பளியும் சேவலிறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். வேலை இன்றும் அதுவே. ஆட்டுவால் மயிர், பளபளக்கும் சரிகை இழை, தையல் நூல் ஆகியன கொண்டு நம் தம்பி மகன் ஒரு மாலையில் ஐந்து பொய்மீன்கள் கட்டிவிட்டான். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நம் தென்னாட்டுச் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திறகு, மேலைநாட்டு ஈக்கட்டுவோர் ஒரு காலத்தில் பெருவிலை கொடுத்து வாங்கிய பொருள். அதனால் அப்பறவை பட்ட பாடு பெரிது. 1960களின் பிற்பகுதியில் அந்த ஏற்றுமதி தடுக்கப்பட்டது. காட்டுக்கோழி இன்று சட்டத்தின் காவலில் உள்ள பறவை. காட்டோரத்து உறவினர் அன்பாகக் கொடுத்தாலும் அந்த இறகை வாங்கற்க. வீட்டுச் சேவல் போதும்.

வீசிப் பழகுவதற்குக் காயல் வேண்டா. ஒரு புல்வெளி போதும். முள் கட்டாமல் நுனியில் சிவப்புக் கம்பளி முடிச்சு ஒன்றை மட்டும் கட்டி, பத்து நாள், நாளுக்குக் கால் மணி வீதம் பழகுக. பின்வீச்சில் நூல் முழுவதும் விரியும்வரை பொறுப்பதே இதன் சூட்சுமம். விரைந்தால் சாட்டை போல வெடிச்சத்தம் கேட்கும், முன்நூல் அறும். காயற்கரையில் பின்னே தென்னை நிற்கும் என்பதையும் மறக்கலாகாது. முதல் மாதம் நாம் தென்னையிடம் இழந்த ஈக்கள் ஏழு. கடற்காற்று முற்பகல் கடந்து வலுக்கும். ஆகையால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையே புதியவருக்கு உகந்த நேரம். காற்று வலப்புறத்திலிருந்து அடித்தால், வலக்கையால் வீசுகிறவர் நிற்கும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் முள் முகத்தை நோக்கி வரும்.

நம் முள் காதில் தைத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னோம். அது இரண்டு விரற்கடை முன்னே பட்டிருந்தால் கண். பெரியவரோ சிறுவரோ, கண்ணாடியும் தொப்பியும் இன்றி ஈத்தூண்டிலைத் தொட வேண்டா. முள்ளின் எதிர்ச்செதிளைக் குறட்டால் நசுக்கிவிடுக. மீனுக்கும் நன்று, நமக்கும் நன்று. அதனினும் பெரிய ஆபத்து ஒன்றைப் பல கடைக்காரர்கள் சொல்வதில்லை. கரிநார் மின்சாரத்தைக் கடத்தும். 9 அடிக் கோலைத் தூக்கிப் பிடித்தால் அதன் நுனி நம் தலைக்கு மேலே வெகு உயரம் செல்கிறது. கழக்கூட்டம் வழியே செல்லும் ரயில்பாதையின் மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். அதனைத் தொடவும் வேண்டா, நெருங்கினாலே போதும். பாதையைக் கடக்கும் போதும், மின்கம்பிகளின் கீழ் நடக்கும் போதும் கோலைத் துண்டுகளாகக் கழற்றி உறையில் இட்டே எடுத்துச் செல்க. துலாவர்ஷக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல்தோறும் இடி உண்டு. முதல் முழக்கம் கேட்டதும் கோலைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். முதலப்பொழி முகத்துவாரத்துக் கற்சுவர்களில் நல்ல மீன் உண்டு என்று சிலர் ஆசை காட்டுவர். கடலையே வாழ்வாகக் கொண்ட மீனவர் பலர் அந்த வாயிலில் படகு கவிழ்ந்து உயிர் இழந்திருக்கின்றனர். பொழுதுபோக்குக்காக வந்த நாம் அந்தக் கற்களின் மேல் ஏறுவதை எவ்விதத்திலும் ஒப்பமாட்டோம்.

காயல் நமக்குப் பொழுதுபோக்கு. பலருக்கு அது சோறு. ஊன்றிய வலைக்கும் சீனவலைக்கும் அருகே வீசலாகாது. தோணி வரும்போது நூலை எடுத்துக்கொள்க. மட்டை ஊறவைத்திருக்கும் மூலைகளில் நீர் கறுத்து மீன் குறைந்திருக்கும். அங்கே நின்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் முட்டையிட ஆற்றிலிருந்து வயல்களுக்கு ஏறிவரும் மீனைப் பிடிப்பதை மலையாளத்தில் 'ஊத்த' என்பர். அது இம்மாநிலத்தில் தடுக்கப்பட்டது. அறுந்த நூல்துண்டு ஒவ்வொன்றையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவருக. கொக்கின் காலில் அது சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பிழைப்பதரிது.

பாதுகாப்பு முறை எளிது. வீடு திரும்பியதும் கோல், ரீல், நூல் மூன்றையும் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துக. பட்டு நூல் இருந்த நாளில் ஒவ்வொரு மாலையும் அதனை அவிழ்த்து உலர்த்தி மெழுகு தடவ வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை நமக்கில்லை. ஆனால் கொசுவுக்கு அஞ்சிக் கையில் பூசிக்கொள்ளும் களிம்புகள் பல, நூலின் பிளாஸ்டிக் பூச்சை அரித்துவிடும். நம் முதல் நூலின் ஒரு பாகம் வெடித்தது அதனால்தான் என்று இப்போது எண்ணுகிறோம். பூசினால் உள்ளங்கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நூலைத் தொடுக. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் நூலை விட்டுவைக்க வேண்டா.

பையன் புதுக் கோல் கேட்டதை நாம் மறுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக வெப்ப நாட்டுக்குரிய 8ஆம் எண் மிதக்கும் நூல் ஒன்றைத் தனியே தருவித்தோம். வந்ததும் முதலில் நகைக்கடைக்கே கொண்டுபோனோம், தட்டு 13.7 காட்டியது. வைகாசி மழைக்கு முந்திய ஒரு ஞாயிறு அதே கரையில், அதே கோலில், அந்த நூல் நாற்பதடி தூரம் நேராக விரிந்து போய் விழுந்தது. பையன் இடக்கையால் நூலைச் சிறிது சிறிதாக இழுத்தான். ஐந்தாறு முறை ஒன்றுமில்லை. ஏழாம் முறை கோல் வளைந்தது. உள்ளங்கை அகலமுள்ள செம்பல்லி. அளவிற் சிறியது என்று மீண்டும் நீரிலேயே விட்டுவிட்டோம்.

பெரியவர் வழக்கமான இடத்தில் இருந்தார். எழுந்து வந்து, மீனைப் பார்க்காமல் நூலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். பின்பு ஆட்டுமயிரும் சரிகையும் கட்டிய அந்தப் பொய்மீனை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு எறாலு, மக்களே?" என்று கேட்டார். பையன் அவருக்கு இரண்டு ஈக்களைக் கொடுத்தான். அவற்றைத் தம் தங்கூஸ் நரம்பிலேயே கட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.